விழாத ரேகை

ரேஷன் கடை மிஷினில் விரலை வைத்து, எடுத்து, முந்தானையில் துடைத்து, மறுபடி வைக்கும் பெண்களைத் தேனி மாவட்டத்துக் கூடலூரில் எந்த மாதமும் பார்க்கலாம். விற்பனையாளர் முதலில் கட்டை விரலைக் கேட்பார், அடுத்து ஆள்காட்டி விரலை, அப்புறம் இடது கையை. "தலையில தேச்சிட்டு வைங்கக்கா" என்பார். முடியிலுள்ள எண்ணெய்ப் பசை பட்டால் ரேகை துலங்கும் என்பது கடைக்காரர்களுக்கும் கார்டுதாரர்களுக்கும் பழகிவிட்ட வைத்தியம். சில நேரம் பலிக்கும். பலிக்காவிட்டால் பின்னால் நிற்பவர்கள் முனக ஆரம்பிப்பார்கள். அந்த அக்கா ஏதோ தப்புச் செய்துவிட்டவரைப் போல ஓரமாக ஒதுங்கி நிற்பார்.

சர்வர் நின்றுபோவது, சிக்னல் கிடைக்காதது, ஓடிபி வராதது என்று நாம் தினமும் சலித்துக்கொள்ளும் பட்டியலில் இதையும் சேர்த்துவிட்டோம். என்னால் அப்படிச் சேர்க்க முடியவில்லை. மற்ற தொல்லைகள் ஆள் பார்த்து வருவதில்லை. இது ஆள் பார்த்து வருகிறது. கடையில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவருக்கும் பள்ளிக்கூட ஆசிரியருக்கும் முதல் தடவையிலேயே ரேகை விழுந்துவிடுகிறது. தோட்டத்துக்குப் போகிறவருக்கு விழுவதில்லை.

இந்த ஊரில் தோட்டம் என்றால் பெரும்பாலும் மலைக்கு மேலே இருக்கிற ஏலத் தோட்டம்தான். கூடலூர், கம்பம் பக்கமிருந்து விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். லோயர் கேம்ப் தாண்டிக் குமுளி வழியாகவோ, கம்பம்மெட்டு வழியாகவோ இடுக்கி மாவட்டத்துத் தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிப் போகும். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூருக்குப் பக்கத்தில், தரையை ஒட்டிப் படர்கிற சரங்களில் காய்க்கிறது. அதனால் குனிந்தும் குத்துக்காலிட்டும்தான் எடுக்க வேண்டும். முற்றிய காயை மட்டும் விரலால் தேர்ந்து கிள்ள வேண்டும். பிஞ்சு உதிரக் கூடாது. சீசன் பெரும்பாலும் மழையோடு சேர்ந்தே வருவதால் நாள் முழுக்க விரல் ஈரத்திலும் மண்ணிலும் செடியின் கறையிலும் ஊறிக் கிடக்கும். அடித்த மருந்தின் மிச்சமும் அதில் இருக்கும். சாயங்காலம் வீடு திரும்பினால் பாத்திரம், துணி, அடுப்பு. போடியிலும் புற்றடியிலும் ஏல விற்பனைக்கு வருகிற காய் ஒவ்வொன்றும் இப்படி ஒரு விரல் நுனி பட்டு வந்ததுதான். ஏலத் தோட்டத்துக்குப் போகாதவர்கள் திராட்சைத் தோட்டத்துக்கோ, நாற்று நடவுக்கோ, கட்டட வேலைக்குச் சிமெண்ட் சட்டி சுமக்கவோ போகிறார்கள். அங்கும் தேய்வது அதே விரல்தான்.

ரேகை தோலின் மேடு பள்ளம். மேல்தோல் உராய்ந்தும் ஊறியும் தேயும்போது மேடு தாழ்ந்து பள்ளத்தோடு சமமாகிவிடுகிறது. தோல் வறண்டு வெடித்தாலும், வயதாகி நெகிழ்வு குறைந்தாலும் கருவிக்குத் தெளிவான படம் கிடைப்பதில்லை. ஆனால் ரேகையின் அச்சு அடித்தோலில் இருக்கிறது. அதனால் வேலையை நிறுத்திச் சில வாரம் கையை ஆறவிட்டால் பழைய கோடுகள் அப்படியே திரும்பி வரும். பிரசவத்துக்கோ, உடம்பு சரியில்லாமலோ வீட்டில் இருந்தவர்களுக்கு ரேகை மறுபடி விழ ஆரம்பிப்பது இதனால்தான். அதாவது, கருவி அடையாளம் கண்டுகொள்வது ஓய்வில் இருக்கிற உடம்பை. உழைத்துக்கொண்டிருக்கிற உடம்பு அதற்கு அந்நியம்.

அரிசி வாங்க அதிகம் தேவைப்படுகிறவரின் கைதான் அதிகம் தேய்ந்திருக்கிறது. இது தற்செயல் இல்லை. ஏழைமைக்கும் உடலுழைப்புக்கும் உள்ள உறவு அப்படியே மிஷினில் பதிவாகிறது. ஆனால் அது பதிவாகும்போது 'உங்கள் கை பொருந்தவில்லை' என்று அந்தப் பெண்ணின் பெயரில் பதிவாகிறது. கருவியால் படிக்க முடியவில்லை என்று பதிவாவதில்லை.

அதற்குப் பிறகு அவர் என்ன செய்வார்? ஓடிபி வரும் என்பார்கள். போன் மகனிடம் இருக்கும், மகன் திருப்பூரில் இருப்பான். அல்லது ஆதாரில் கொடுத்த பழைய நம்பர் ரீசார்ஜ் இல்லாமல் போய்ப் பல காலமாகியிருக்கும். ஆதார் மையத்துக்குப் போய் ரேகையைப் புதுப்பித்து வரச் சொல்வார்கள். அங்கே எடுப்பதும் அதே தேய்ந்த விரலைத்தான். நாளைக்கு வாங்க என்பார்கள். ஜீப் விடியற்காலையில் போய்விடும். கடை காலையில் திறந்து சாயங்காலம் மூடிவிடும். இரண்டுக்கும் நடுவில் அவருக்கு நாளே கிடையாது. நாளைக்கு வருவதென்றால் ஒரு நாள் கூலியை விட வேண்டும். இலவச அரிசிக்கு அவர் கொடுக்கும் விலை அது.

ரேகைக்கும் இந்தப் பக்கத்து மக்களுக்கும் உள்ள உறவு ரேஷன் கடையில் தொடங்கியதில்லை. 1858இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கில அதிகாரி, ஒப்பந்தக்காரர் ஒருவர் பின்னால் பேச்சு மாறக் கூடாது என்று அவருடைய உள்ளங்கையை மையில் ஒற்றிப் பத்திரத்தில் பதிய வைத்தார். 1897இல் கல்கத்தாவில் ரேகைக் காப்பகம் வந்தது. அடுத்து, 1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம். பிரமலைக் கள்ளர் உட்படப் பல சமூகங்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று பட்டியலிட்டு, ரேகை வைக்கச் சொன்ன சட்டம். மக்கள் அதற்கு வைத்த பெயரே ரேகைச் சட்டம். 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை கொடுக்க மறுத்து நின்றவர்கள் மேல் போலீஸ் சுட்டதில் பதினைந்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் அந்தச் சட்டத்தை எதிர்த்து நின்றார். 'ரோசாப்பூ துரை' என்று அவரை நன்றியோடு நினைவில் வைத்திருக்கிறார்கள். சென்னை மாகாணத்தில் சட்டம் 1947இல்தான் ஒழிந்தது. அந்தக் காலத்தில் வந்த கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் நடக்கின்றன.

இரண்டையும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. அன்று ரேகை கேட்டது அடக்குவதற்கு. இன்று கேட்பது அரிசி கொடுப்பதற்கு. இரண்டு அரசும் ஒன்றில்லை. ஆனாலும் ரேகையை வாங்குகிற முறைக்குள் ஒரு பழைய சந்தேகம் தங்கியிருக்கிறது. எதிரே நிற்கிறவர் தன்னை நிரூபித்தாக வேண்டும், அதுவரை அவர் அவரில்லை என்கிற சந்தேகம். தாத்தா தரமாட்டேன் என்று நின்றதைப் பேத்தி தானாக நீட்டுகிறாள். இப்போது கருவி ஏற்க மறுக்கிறது.

தமிழ்நாட்டு ரேஷன் கடையில் ரேகைக்கு எவ்வளவு தேவை என்பதையும் யோசிக்க வேண்டும். இங்கே ரேஷன் எல்லாருக்குமானது. வறுமைக் கோட்டுக்கு மேலே, கீழே என்று பிரிக்காத ஏற்பாடு. 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். 2017இல் ஸ்மார்ட் கார்டு வந்தபோது அதை ஸ்கேன் செய்தாலே போதும் என்றிருந்தது. 2020 அக்டோபரில் ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தோடுதான் ரேகை வந்தது. வேறு ஊரில் வேலைக்குப் போனவர் அங்கேயே வாங்கிக்கொள்ள அது உதவும், உண்மைதான். போலிக் கார்டு பற்றிய கவலையும் பொய்யில்லை. வாங்காத சர்க்கரையை வாங்கியதாகப் போனில் செய்தி வந்த குடும்பங்கள் எந்தத் தெருவிலும் உண்டு. ஆனால் கடையில் நடக்கும் தப்பு பெரும்பாலும் ஆள் மாறாட்டத்தில் இல்லை, அளவில் இருக்கிறது. யார் வந்து நின்றார் என்பதை ரேகை சொல்லும். பைக்குள் எத்தனை கிலோ விழுந்தது என்பதைச் சொல்லாது. எடைத் தராசையும் மிஷினையும் இணைக்கும் ஏற்பாடு 2025இல்தான் வந்தது. வரிசை இன்னும் மெதுவாகிறது என்ற புகார் இருந்தாலும், சந்தேகத்தைத் திருப்ப வேண்டிய திசையில் திருப்பியது அதுதான்.

அதிகாரிகளுக்கு இந்தத் தொல்லை தெரியாமலில்லை. கருவிழியை ஸ்கேன் செய்யும் கருவிகள் வந்திருக்கின்றன. கடைக்கு வர முடியாதவர்கள் வேறொருவரை அனுப்ப அங்கீகாரச் சான்று உண்டு. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருள் வீட்டுக்கே வருகிறது. மனதாரப் பாராட்ட வேண்டிய ஏற்பாடு. ஆனால் நாற்பத்தைந்து வயதில் ஜீப்பில் தொங்கிப் போகிறவர் இந்தக் கணக்கு எதிலும் வரமாட்டார். அவருக்கு நடக்க முடியும், நிற்க முடியும், மலை ஏற முடியும். விரல் நுனி மட்டும் இல்லை.

வேண்டியது பெரிய மாற்றமில்லை. ஒரு தடவை ரேகை விழாவிட்டால் கார்டை ஸ்கேன் செய்து அரிசியைப் போட்டுவிடலாம். பதிவேட்டில் 'கருவி படிக்கவில்லை' என்று எழுதலாம். சந்தேகம் இருந்தால் பிறகு வீட்டுக்கு வந்து விசாரிப்பது துறையின் வேலை. அதற்கு ஆளும் சம்பளமும் இருக்கின்றன. எந்தக் கடையில் மாதம் எத்தனை பேருக்கு ரேகை விழவில்லை என்ற கணக்கைக் கடை வாசலில் எழுதிப் போடலாம். விலையையும் இருப்பையும் எழுதும் அதே பலகையில் இடம் இருக்கிறது. ஏலச் சீசன் முடியும் வரை கூடலூர், கம்பம் பக்கத்துக் கடைகள் மாதத்தில் இரண்டு நாளாவது ராத்திரி எட்டு மணி வரை திறந்திருக்க வேண்டும். ஜீப் திரும்பி வந்து, பெண்கள் இறங்கி, கை கழுவிவிட்டு வருவதற்கு அந்த நேரம் போதும்.