காத்திருப்பவரின் ஓய்வு

நெய்வேலியிலிருந்து சைக்கிளில் கொல்லிமலைக்குப் புறப்படுகிறவர்களுக்கு மலை சீக்கிரம் வந்துவிடுவதில்லை. விருத்தாசலம், சின்னசேலம், ஆத்தூர் என்று சமவெளி நீண்டுகொண்டே போகும். நெய்வேலி நகரியத்துப் பக்கம் மேடு என்று ஒன்று உண்டென்றால், அது சுரங்கத்தில் வெட்டியெடுத்த மேல்மண்ணைக் கொட்டிய குவியல்தான். ஏற்றம் என்றால் என்னவென்று கால்களுக்கு உறைப்பது காரவள்ளி அடிவாரத்தில். அதற்கு மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள்.

சமவெளியில் நட்பு நேரடியாக உதவும். ஆடியில் மேற்கே போனால் எதிர்க்காற்று. தெம்புள்ளவர் முன்னால் போய்க் காற்றை வாங்கிக்கொண்டால், ஒட்டிப் பின்தொடர்பவருக்குப் பாதிப் பாரம் இறங்கியதுபோல் இருக்கும். ஏற்றத்தில் இது செல்லாது. வேகம் மணிக்கு 10 கிலோமீட்டருக்கும் கீழே விழுந்த பிறகு காற்று ஒரு பொருட்டல்ல. தன் உடம்பையும் வண்டியையும் அவரவர்தான் மேலே தூக்க வேண்டும். நண்பருக்காகச் செய்யக்கூடியது ஒன்றே: காத்திருப்பது.

அப்படித்தான் ஒரு குழு ஒரு வளைவில் காத்திருந்தது. கடைசியாக ஏறி வந்தவர் ஒரு காலை ஊன்றி, பாட்டிலைத் திறந்து ஒரு வாய்த் தண்ணீர் குடித்தார். அதற்குள் மற்றவர்கள் வண்டியில் ஏறிவிட்டார்கள். அவரும் பாட்டிலை மூடிவிட்டு மிதித்தார். யாரும் கடிந்து பேசவில்லை, அன்போடுதான் காத்திருந்தார்கள். ஆனால் நன்றாக இளைப்பாறியவர்கள் களைப்புக் குறைந்தவர்கள். மிகவும் களைத்தவருக்குக் கிடைத்தது அந்த ஒரு வாய்.

நெய்வேலிப் பிள்ளைகள் சைக்கிளை வேறுவிதமாகப் பார்த்து வளர்ந்தவர்கள். 1957இல் சுரங்கம் வெட்டத் தொடங்கிய ஊர் இது. ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும் அப்பாக்கள் அகலமான மரநிழல் சாலையில் இரண்டு பேராக, மூன்று பேராகப் பேசிக்கொண்டே மிதித்து வருவார்கள். பேச்சு அறுந்தால் முன்னே போனவர் மிதிப்பதை நிறுத்தி வண்டியைத் தானாக உருளவிடுவார். அந்த வண்டியில்தான் பிள்ளைகள் பிறகு குரங்குப் பெடல் அடித்துப் பழகினார்கள். பேச்சுதான் அங்கே வேகத்தை நிர்ணயித்தது. மூச்சிரைக்கும் ஏற்றத்தில் பேச்சுக்கு இடமில்லை.

ஏற்றத்தை எளிதாக்க வழி தேடியவர்களும் உண்டு. பிரான்சில் நெடுந்தூர சைக்கிள் பயணத்தின் முன்னோடி பால் தெ விவி அப்படி ஒருவர். வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதியவர், 1930இல் மறைந்தார். பசிக்குமுன் சாப்பிடு, தாகத்துக்குமுன் குடி, பெருமைக்காக மிதிக்காதே என்பது அவர் சொன்னவற்றின் சாரம். பல கியர்கள் வேண்டும் என்றும் விடாமல் வாதாடினார். சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கியரை டூர் த பிரான்ஸ் பந்தயம் 1937இல்தான் அனுமதித்தது. இன்று சின்னக் கியரில் சாதாரணக் கால்களும் கொல்லிமலை ஏறிவிடும். ஆனாலும் இருவர் கால்களை ஒன்றாக்கும் கியர் கிடையாது.

மெதுவாக வருபவரை முன்னே விடலாம். ஆனால் 5 கிலோமீட்டர் வேகத்தில் வல்லவருக்கு வண்டி தள்ளாடும். அவரவர் வேகத்தில் ஏறி உச்சியில் சந்திக்கலாம். சேர்ந்து வந்த பயணம் நாள் முழுக்கத் தனிப்பயணமாகிவிடும். கடைசி ஆள் வந்த பிறகே ஓய்வு தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வதுதான் நியாயமாகப் படுகிறது. அப்போது முன்னே வந்தவர்களின் வியர்வை ஆறி, கால்கள் இறுகும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் தனக்காக நாலு பேர் நிற்கிறார்கள் என்ற நினைப்பு ஏறி வருபவரை அழுத்துமா, தாங்குமா என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒரே ஆளுக்கும் பத்தாம் வளைவில் ஒன்றாகவும் அறுபதாம் வளைவில் வேறாகவும் இருக்கக்கூடும். அவரிடமே கேட்டாலும் அந்த நேரத்தில் உண்மையைச் சொல்வாரா என்பது நிச்சயமில்லை.