அமைச்சரின் அளவுகோல்

பதவியில் உயர உயர இறைவனிடமிருந்து விலகிப் போகிறோமோ என்ற ஐயம், பொறுப்புகளைச் சுமக்கும் பக்தர்கள் பலருக்கும் எழுவதுண்டு. அக்பரின் நிதியமைச்சராக விளங்கிய ராஜா தோடர்மாலின் வாழ்க்கை இந்த ஐயத்தைத் தீர்த்து வைக்கிறது.

இளமையிலேயே தந்தையை இழந்து, எளிய எழுத்தராக வாழ்வைத் தொடங்கியவர் அவர். ஷேர்ஷாவின் ஆட்சியில் பஞ்சாபின் ரோத்தாஸ் கோட்டைப் பணியை மேற்பார்வையிட்டார். சூர் வம்சம் வீழ்ந்தபின் அக்பரிடம் சேர்ந்தார். 1573-இல் குஜராத் வெல்லப்பட்டதும் அதன் நிலவரியை ஒழுங்குபடுத்த அவரே அனுப்பப்பட்டார். 1582-இல் பேரரசின் நிதி நிர்வாகம் முழுவதும் அவரது பொறுப்பில் வந்தது. குலப்பெருமை அவரை உயர்த்தவில்லை. உழைப்பும் கணக்கறிவுமே உயர்த்தின.

அதற்கு முன்பு நிலத்தைக் கயிற்றால் அளந்து வந்தனர். பனியில் நனைந்தால் கயிறு சுருங்கும். அப்போது நிலம் உள்ளதைவிடப் பெரிதாகக் கணக்காகும். உழவன் மீது வரி கூடும். எனவே இரும்பு வளையங்களால் இணைக்கப்பட்ட மூங்கில் கோல்கள் வழக்கத்திற்கு வந்தன. பத்தாண்டு விளைச்சலையும் விலையையும் சராசரி பார்த்து, அதில் மூன்றில் ஒரு பங்கை வரியாக வரையறுக்கும் முறை 1580-இல் ஏற்பட்டது. இச்சீர்திருத்தங்களோடு தோடர்மாலின் பெயர் பிரிக்க முடியாதவாறு இணைந்துள்ளது.

இத்தகைய அலுவல்களுக்கிடையிலும் பூஜை செய்யாமல் அவர் உணவருந்துவதில்லை. எந்தப் பணியையும் தொடங்குவதுமில்லை. ஒருமுறை பயணத்தின் பரபரப்பில் அவர் வழிபட்டு வந்த விக்கிரகங்கள் தொலைந்து போயின. அமைச்சர் உணவையும் உறக்கத்தையும் துறந்தார். இறுதியில் அக்பரே அவரைத் தேற்ற வேண்டியதாயிற்று.

அவர் குறையற்றவர் அல்லர். அவரிடம் பேராசை இல்லை என்று போற்றிய அபுல் ஃபசலே, அவரது பிடிவாதத்தையும் பகைமை பாராட்டும் இயல்பையும் குறை கூறுகிறார். ஆயினும் இறுதிச் சோதனையில் அந்தப் பிடிவாதம் கரைந்தது.

1589-இல், முதுமையும் நோயும் வாட்ட, கங்கைக் கரையில் இறைவனை நினைந்து உயிர்விட விரும்பி விடைபெற்றார். அக்பரும் இசைந்தார். லாகூரிலிருந்து ஹரித்வாரை நோக்கிப் புறப்பட்டவரை அரசரின் மற்றொரு ஆணை வந்தடைந்தது. எளியோரின் துயர் துடைப்பதற்கு ஈடான இறைவழிபாடு வேறில்லை என்பதே அதன் கருத்து. தோடர்மால் வாதிடவில்லை, திரும்பினார். சில நாட்களில், அவ்வாண்டு நவம்பரில், லாகூரிலேயே அவர் உயிர் பிரிந்தது.

கங்கை அவருக்குக் கிட்டவில்லை என்று வருந்த வேண்டுமா? விக்கிரகங்களுக்காக உண்ணாமல் இருந்த அதே பக்தர்தான், தாம் மிகவும் விரும்பிய புனிதப் பயணத்தையே கடமைக்காக அர்ப்பணித்தார். முன்னது பக்தியின் ஆழம். பின்னது அதன் கனிவு.

மனமும் ஒரு கயிறே. புகழில் நீளும், இகழ்ச்சியில் சுருங்கும். அதைக் கொண்டு பிறரை அளப்பவன் அநீதி செய்கிறான். சுகதுக்கங்களில் மாறாத விவேகத்தை அளவுகோலாகக் கொள்பவனுக்கு அலுவலகமும் ஆலயமே. அவன் அமர்ந்து பணியாற்றும் இடமே கங்கைக் கரை.