மதுவுக்குக் கர்த்தா யார்?

சைவ சித்தாந்தம் கற்கப் புகுவோர் முதலில் சந்திக்கும் உதாரணங்களுள் ஒன்று, குடமும் குயவனும். மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று மூன்றாக வகுத்து, செய்வோன் ஒருவன் இன்றிச் செயப்படுபொருள் தோன்றாது என்று நிலைநாட்டி, அவ்வழியே உலகத்துக்கும் ஒரு கர்த்தா உண்டு என்ற முடிவுக்கு ஆசிரியர்கள் நம்மை அழைத்துச் செல்கிறார்கள். குடத்தின் அளவில் இந்த நியாயத்தில் எனக்கு ஐயம் எழுந்ததில்லை. ஆனால் அக்குடத்துக்குள் திராட்சையை நசுக்கிப் போட்டு மூடிவைத்துச் சில மாதங்கள் கழித்துத் திறக்கும்போது உள்ளே மது இருக்கிறதே, அந்த மதுவுக்கு நிமித்த காரணம் யார் என்று கேட்டால், விடை அத்தனை எளிதில் அகப்படுவதில்லை.

கள்ளுண்ணாமைக்கென்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்த மொழியில், மதுவை முன்னிட்டு ஒரு தத்துவ விசாரம் நடத்துவது சிலருக்கு உவப்பாக இராது. குடியைச் சிபாரிசு செய்வது என் நோக்கமன்று. ஆயினும் கத்தோலிக்கத் திருச்சபை தன் திருப்பலியின் இன்றியமையாப் பொருளாகத் திராட்சரசத்தை வைத்திருக்கிறது. 1983-இல் வெளியான அதன் சட்டத் தொகுப்பின் 924-ஆம் விதி, அந்த ரசம் கொடியின் கனியிலிருந்து வந்த இயற்கையானதாகவும், கெட்டுப்போகாததாகவும் இருக்கவேண்டும் என்கிறது. இவ்விரண்டு நிபந்தனைகளுக்கும் நடுவிலேதான் என் கேள்வி கிடக்கிறது. ஏனெனில் திராட்சைச் சாற்றை அதன் இயற்கைப்படியே விட்டுவிட்டால், அது மது என்ற நிலையில் நிற்பதில்லை. காற்றுப் பட்டுக் காடியாகிவிடுகிறது.

இத்தாலியின் வடகிழக்கு மூலையில், ஸ்லோவேனிய எல்லையை ஒட்டி, கோரிட்ஸியா நகருக்கு அருகே ஒஸ்லாவியா என்றொரு சிற்றூர். முதல் உலக யுத்தத்தில் இஸொன்ஸோ ஆற்றங்கரைப் போர்கள் அக்குன்றுகளைச் சின்னாபின்னமாக்கின. 1938-இல் அங்கே எழுந்த நினைவு மண்டபத்தில் 50,000-க்கும் மேற்பட்ட போர்வீரர்களின் எலும்புகள் வைக்கப்பட்டிருக்கின்றன. அம்மண்ணில் தம் குடும்ப நிலத்தில் திராட்சை பயிரிட்டு மது செய்துவருபவர், 1952-இல் பிறந்த யோஷ்கோ கிராவ்னர். இளமையில் அவர் நவீன முறைகளை ஆர்வத்தோடு தழுவினார். எஃகுத் தொட்டிகளை நிறுவினார், பின்னர் பிரெஞ்சு ஓக் மரத்தின் சிறு பீப்பாய்களுக்கு மாறினார். விமர்சகர்கள் அவருடைய வெள்ளை மதுக்களைக் கொண்டாடினார்கள். 1987-இல் கலிபோர்னியாவுக்குச் சென்று அங்கே வகைவகையான மதுக்களைச் சுவைத்துப் பார்த்தவர், எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவையாக இருக்கக் கண்டு, தாம் சென்றுகொண்டிருந்த பாதையின் முடிவு இதுதானா என்ற மனக்கசப்போடு ஊர் திரும்பினார்.

அந்தப் பாதையில் கர்த்தா மனிதனே என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த ஈஸ்டைத் தூவி, வெப்பத்தைக் கருவியால் கட்டுப்படுத்தி, களிமண் வகையொன்றைக் கலந்து தெளியவைத்து, நுண்வடிகட்டியில் வடித்து, கந்தகத்தைச் சேர்த்து அடைக்கும்போது, விளைவு இன்னதென்று தொடங்குமுன்பே தீர்மானமாகிவிடுகிறது. மழை குறைந்த ஆண்டும் மிகுந்த ஆண்டும் சீசாவில் ஒன்றாகவே தெரிகின்றன.

1996-இல் ஆலங்கட்டி மழை பெய்து கிராவ்னரின் ரிபோல்லா திராட்சையில் பெரும்பகுதியை அழித்தது. எஞ்சிய சொற்பப் பழத்தைக் கொண்டு வழக்கமான வியாபாரம் நடத்த இயலாது என்னும் நிலையில்தான், வெள்ளைத் திராட்சையின் தோலை உடனே பிரித்துவிடாமல் சாற்றோடு ஊறவிட்டுப் பார்க்கும் துணிவு அவருக்குப் பிறந்தது. நம் சித்தாந்திகள் மறக்கருணை என்பார்களே, துன்பத்தின் வடிவில் வந்து ஆன்மாவைத் திருத்தும் அருள், அதன் நினைவு எனக்கு இவ்விடத்தில் எழாமற் போவதில்லை.

2000-இல் அவர் ஜார்ஜியா நாட்டுக்குச் சென்றார். கி.மு. 6000 அளவிலேயே திராட்சை மது செய்த தடயங்கள் பானையோடுகளில் கிடைத்திருக்கும் நாடு அது. அங்குள்ள அலாவெர்தி மடத்துத் துறவிகள் இன்றும் க்வெவ்ரி என்னும் பெருந்தாழிகளில் மது செய்கிறார்கள். முட்டை வடிவில் வனைந்து, சுட்டு, உட்புறம் தேன்மெழுகு பூசி, கழுத்தளவும் மண்ணில் புதைத்துவைப்பார்கள். அடி கூம்பியிருப்பதால் விதைகள் முதலில் கீழே படிந்துவிட, அவற்றின்மேல் தோல்கள் அமிழ்ந்து மூடிக்கொள்கின்றன. விதையின் கசப்பு மிகையாக இறங்காதிருக்க அவ்வடிவமே காவல். 2001 அறுவடையிலிருந்து கிராவ்னர் அத்தாழிகளிலேயே மது செய்கிறார். சாறு பொங்குவதற்குப் பழத்தோடு வந்த ஈஸ்டே போதும், வேறு ஈஸ்டு சேர்ப்பதில்லை. இரவில் கரைத்துவைத்த தோசைமாவு விடியுமுன் தானே பொங்குவதுபோலச் சாறு தானே பொங்குகிறது. மேலெழும் தோல்களை நாள்தோறும் பலமுறை அமுக்கிவிடுகிறார்கள். தோல்களோடு பல மாதங்கள், பின்பு பிழிந்து மீண்டும் தாழியில் என ஓராண்டு நிறைந்தபின், பெரிய ஓக் பீப்பாய்களில் ஆறாண்டுகள். வடிகட்டாமலே சீசாவில் அடைக்கிறார்கள். வெள்ளை மது என்ற பெயரைப் பொய்யாக்கிக்கொண்டு செம்பொன் நிறத்தில் அது வெளிவந்தபோது, முன்பு கொண்டாடியவர்களிற் பலர் முகஞ்சுளித்தார்கள்.

இவர் என்ன செய்தார் என்று இப்போது கேட்கலாம். சாற்றைப் பொங்கவைத்தது கண்ணுக்குத் தெரியாத உயிர்கள், வெப்பத்தை நிதானப்படுத்தியது மண், தெளியவைத்தது காலம். ஆனால் எவரும் அருகில் இல்லாதிருந்தால் அத்தாழியில் எஞ்சியிருப்பது காடியே. மேலெழுந்த தோலை வேளை தவறாமல் அமுக்கவேண்டும். வாயை நன்றாக அடைக்கவேண்டும். ஒவ்வொரு முறையும் தாழியைக் கழுவித் துப்புரவாக்கவேண்டும். கெட்ட பழத்தைக் கொடியிலேயே கண்டு விலக்கவேண்டும். கந்தகத்தைக்கூட அவர் அடியோடு விலக்கியவர் அல்லர், சிறிதளவு பயன்படுத்துகிறார். இயற்கை என்னும் சொல்லை விரதமாகக் கொண்டோர் இதைக் குறையாகச் சொல்வதுண்டு. எனக்கு இது விவேகமாகவே படுகிறது.

கீதையின் நான்காம் அத்தியாயம் கர்மத்தையும் அகர்மத்தையும் பற்றிப் பேசும் இடத்தைப் படித்துவிட்டு, செயலின்மையைச் சோம்பலாக எண்ணிக்கொள்வோர் உண்டு. ஒஸ்லாவியாவின் மதுக்கூடத்தில் அந்த எண்ணம் ஒரு வாரம்கூட நிலைக்காது. சேர்க்காதிருப்பதற்கு அவர் செலவிடும் கவனம், சேர்ப்பதற்கு முன்பு செலவிட்டதைக் காட்டிலும் அதிகம். மேலும், எஃகுத் தொட்டியையும் சிறு பீப்பாயையும் அவர் கையாளத் தெரியாமல் கைவிடவில்லை. அவற்றைக் கொண்டு புகழடைந்த பின்பே கைவிட்டார். இல்லாதவன் துறந்தேன் என்பதற்கும் உடையவன் துறப்பதற்கும் நம் மரபு எப்போதும் வேறுபாடு கண்டிருக்கிறது. 2012 அறுவடையோடு ஷார்டொனே, சோவின்யோன் முதலிய அயல் வகைகளின் மதுவையும் நிறுத்தி, வெள்ளையில் அந்த மண்ணுக்குரிய ரிபோல்லா ஒன்றையே வைத்துக்கொண்டார்.

ஆயினும் ஒரு தடை எஞ்சுகிறது. கர்த்திருத்துவத்தை இவ்வளவு தூரம் விட்டவருடைய சீசாவின்மேல் அவருடைய பெயர்தானே அச்சிட்டிருக்கிறது என்று ஒருவர் கேட்டால், அதைத் தள்ளிவிட முடியாது. நான் அதற்குக் காணும் சமாதானம் இது: மது நன்றாக அமைந்தால் அதில் மண்ணுக்கும் மழைக்கும் ஈஸ்டுக்கும் பங்கு உண்டு, காடியாகிப்போனால் அவற்றில் எதையும் குற்றஞ்சாட்ட வழியில்லை, கவனியாதிருந்த மனிதன் ஒருவனே பொறுப்பாளி. கிராவ்னர் என்ற அந்தப் பெயரை, கெட்டுப்போனால் யாரை வந்து கேட்பது என்பதற்கு அவரே எழுதிக்கொடுத்த பொறுப்புச்சீட்டாகத்தான் நான் வாசிக்கிறேன்.