மச்சம் யாருடையது?

குழந்தையைக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி முடித்ததும் பாட்டிகள் கடைசியாகச் செய்யும் காரியம் ஒன்று உண்டு. கன்னத்தில் மையால் ஒரு கறுப்புப் பொட்டு வைப்பார்கள். குறையே இல்லாத முகத்தின்மேல் கண் பட்டுவிடும். ஆகவே ஒரு சின்னக் குறையை நாமே வைத்துவிடுகிறோம். அந்தக் குழந்தை வளர்ந்து கல்யாணத்துக்கு நிற்கும்போது, அதே கன்னத்தில் தானாக வந்த ஒரு கறுப்புப் புள்ளி இருந்தால், "அதை எடுத்துடலாமே" என்று சொல்வதும் அதே வீடுதான்.

இதைக் கேலி செய்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் உள்ளே ஒரு உண்மையான கேள்வி இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஒரு புள்ளி எப்போது குறையாகிறது? அதை முடிவு செய்வது யார்?

மச்சம் அளவுக்கு அர்த்தங்களைச் சுமப்பது உடம்பில் வேறு எதுவும் இல்லை. அதிர்ஷ்டசாலியை மச்சக்காரன் என்கிறோம். எந்த இடத்தில் இருந்தால் என்ன பலன் என்பதற்குத் தனியாக சாஸ்திரமே இருக்கிறது. பள்ளியில் ஆசிரியர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, சட்டைக் கையை மடக்கச் சொல்லி, அங்க அடையாளத்துக்கு இரண்டு மச்சம் தேடி எழுதிக்கொண்டது பலருக்கும் ஞாபகம் இருக்கும். பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பட்டுத்துணியில் வெட்டிய கறுப்புப் பொட்டுகளை முகத்தில் ஒட்டிக்கொண்டார்கள். மர்லின் மன்றோவின் கன்னத்தில் இருந்தால் அது அழகு. ஜோசியருக்குப் பலன், அரசாங்கத்துக்கு அடையாளம், மாப்பிள்ளை வீட்டுக்குக் குறை.

தோலுக்கு இதெல்லாம் தெரியாது. தோலுக்கு நிறம் தரும் மெலனோசைட் செல்கள் வழக்கமாகத் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருக்கும். அவை ஓரிடத்தில் கூட்டமாகச் சேர்ந்தால் மச்சம். பல மச்சங்களில் பிராஃப் என்ற மரபணுவில் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. அது செல்லைப் "பெருகு, பெருகு" என்று தூண்டும். கொஞ்ச தூரம் பெருகிய பிறகு செல் தானாகவே பிரேக் போட்டு நின்றுவிடுகிறது. கண்ணாடியில் நாம் பார்க்கும் புள்ளி, தொடங்கி, தன்னைத்தானே நிறுத்திக்கொண்ட ஒரு வளர்ச்சி.

மரு வேறு. அதை உண்டாக்குவது வைரஸ். பெரும்பாலான மருக்கள் ஓரிரு வருடங்களில் தாமாகவே உதிர்ந்துவிடும். கோயிலில் உப்பும் மிளகும் போட்டவர்களுக்கும் உதிரும், போடாதவர்களுக்கும் உதிரும். ஆனால் சுண்ணாம்பையும் சலவை சோடாவையும் குழைத்து வைக்கிறார்களே, அது விளையாட்டில்லை. இரண்டும் தண்ணீரில் சேர்ந்தால் உருவாவது காஸ்டிக் சோடா. அதற்கு மரு எது, மச்சம் எது, நல்ல தோல் எது என்று தெரியாது. எல்லாவற்றையும் ஒரே மாதிரி எரிக்கும்.

நான் மென்பொருள் எழுதுகிறவன். "இது பிழையா, இல்லை இப்படித்தான் இருக்கணுமா?" என்ற கேள்வி எங்கள் வேலையில் தினமும் வரும். நிரலை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் பதில் அதில் கிடைக்காது. யார் என்ன எதிர்பார்த்தார்கள் என்பதில்தான் இருக்கும். மச்சமும் அப்படித்தான்.

சித்தி மகளுக்கு மேலுதட்டுக்கு மேலே கொஞ்சம் புடைத்த மச்சம். பெண் பார்த்துவிட்டுப் போன ஒரு வீட்டிலிருந்து, தரகர் வழியாக, "கல்யாணத்துக்கு முன்னாடி அதை எடுத்துடுவீங்கல்ல?" என்று கேட்டிருந்தார்கள். அவள் என்னிடம் போனில் சொன்னது: "ப்ளஸ் டூ படிக்கறப்பவே எடுக்கணும்னு நினைச்சேண்ணா. அப்ப அம்மா விடல. இப்ப எடுத்தா அவங்க சொல்லி எடுத்ததா ஆயிடும். எடுக்காம விட்டா, அவங்க சொன்னாங்கங்கறதுக்காக எடுக்காம விட்டதா ஆயிடும்."

இதைவிடத் துல்லியமாக இந்தச் சிக்கலை யாரும் சொல்லிவிட முடியாது என்றே நினைக்கிறேன். நம் கையில் இரண்டு ரெடிமேட் பதில்கள் இருக்கின்றன. ஒன்று, "உன்னை உள்ளபடியே ஏற்றுக்கொள்." கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அவள் தன் மச்சத்தை ஒரு கொடி மாதிரி தூக்கிப் பிடிக்க வேண்டும் என்று அது எதிர்பார்க்கிறது. இன்னொன்று, "உன் உடம்பு, உன் இஷ்டம்." அவளுடைய இஷ்டத்துக்கு என்ன ஆனது என்பதுதானே அவள் கேள்வி? அவளுக்கென்று ஒரு ஆசை இருந்தது. அடுத்தவர் அதையே நிபந்தனையாகச் சொன்னதும் அது அவளுடையதாக இல்லாமல் போய்விட்டது. அந்த ஒரு வாக்கியம் அவளிடமிருந்து இரண்டு வழிகளையும் பிடுங்கிக்கொண்டது.

ஆகவே, "மச்சத்தை எடுப்பது சரியா?" என்ற அறக்கேள்வியை அவளிடம் கேட்பதே தப்பு. அதைச் சொன்னவரிடம் கேட்க வேண்டும். எடுப்பதில் பாவமும் இல்லை, எடுக்காமல் இருப்பதில் வீரமும் இல்லை. ஒருவர் நேற்றுவரை வாழ்ந்த முகத்தை அவரே வெட்கப்பட வேண்டிய ஒன்றாக மாற்றிவிடுகிறோமே, அநியாயம் அங்கேதான் நடக்கிறது.

அவள் தோல் மருத்துவரைப் பார்த்தாள். அவர் கேட்டவை வேறு கேள்விகள். எத்தனை வருடமாக இருக்கிறது? சமீபத்தில் பெரிதானதா? நிறம் மாறியதா? அரிப்பு, ரத்தக் கசிவு உண்டா? எடுப்பதானால் லேசரில் பொசுக்காமல் வெட்டி எடுத்து, துண்டைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். பொசுக்கிவிட்டால் பார்ப்பதற்கு எதுவும் மிஞ்சாது. நம்முடையதுபோன்ற கருமையான தோலில் எடுத்த இடம் இன்னும் கறுத்துப்போகலாம், தழும்பு தடித்தும் போகலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். அந்தச் சம்பந்தம் வேறு காரணத்தால் நின்றுபோனது. ஒன்றரை வருடம் கழித்து, யாரும் கேட்காத ஒரு நாளில் போய் எடுத்துக்கொண்டாள். பழைய போட்டோக்களை அவள் அழிக்கவில்லை.

மருத்துவர் பார்த்ததும் பார்வைதான், மாப்பிள்ளை வீட்டார் பார்த்ததும் பார்வைதான். ஒன்று 'இது உனக்கு என்ன செய்கிறது' என்று பார்த்தது. மற்றது 'இது எனக்கு எப்படித் தெரிகிறது' என்று பார்த்தது. கருமையான தோலில் மெலனோமா என்ற புற்றுநோய் அரிது. ஆனால் வந்தால், பெரும்பாலும் உள்ளங்காலில், உள்ளங்கையில், நகத்துக்கு அடியில் வருகிறது. பாப் மார்லிக்குக் கால் கட்டைவிரலில் வந்தது. 1977இல் கண்டுபிடித்தார்கள், 1981இல் இறந்தபோது அவருக்கு வயது 36. பெண் பார்க்க வருகிற யாரும் உள்ளங்காலைப் பார்ப்பதில்லை.

நம் முதுகையும் நம்மால் சரியாகப் பார்க்க முடியாது. அதற்கு இன்னொருவரின் கண் வேண்டும். தலை துவட்டும்போது அம்மாவோ, பக்கத்தில் படுத்திருக்கும் துணையோ, "இது முன்னாடி இருந்துச்சா?" என்று கேட்பார்களே, அந்தக் கண்.