ஒன்னும் செய்யாது

எங்கள் கெடா தோட்டப்புறங்களில் ஆறுதலுக்கும் அதட்டலுக்கும் பொதுவான ஒரு வாக்கியம் உண்டு: "ஒன்னும் செய்யாதும்மா, சாப்பிடு." காய்ச்சல் மாத்திரைக்குச் சொன்னால் சரி. கருத்தடை மாத்திரைக்கும் அதையே சொல்லும்போதுதான் எனக்கு இடிக்கிறது. இது நோயே இல்லாத பெண் வருடக்கணக்கில் விழுங்கும் மருந்து. ஒன்னும் செய்யாது என்றால் எதற்கு விழுங்க வேண்டும்?

செய்கிறது. செயற்கை ஈஸ்ட்ரோஜெனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை, மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியை அடக்கி, சினைமுட்டை வெளிவராமல் தடுக்கிறது. ஹார்மோன்களைப் பிடித்துவைக்கும் புரதங்களை ஈரல் கூடுதலாக உண்டாக்குவதால், ரத்தத்தில் தடையின்றி உலவும் டெஸ்டோஸ்டிரோன் குறைகிறது. மாதாமாதம் வருவதும் இயல்பான மாதவிலக்கல்ல. மாத்திரையை நிறுத்தும் நாட்களின் உதிரப்போக்கு. பெரும்பாலோருக்கு இதனால் கெடுதல் இல்லை. அரிதாகச் சிலருக்கு ரத்தம் உறையலாம். 35 வயதைக் கடந்து புகைப்பவருக்கு ஆபத்து கூடுதல். கெடுதல் இல்லை என்பதும் ஒன்னும் இல்லை என்பதும் ஒன்றா?

1956இல் புவேர்ட்டோ ரிக்கோவின் ஏழைப் பெண்களிடம் இந்த மாத்திரையைக் கொடுத்தபோது, அது பரிசோதனை என்றே சொல்லவில்லை. பக்கவிளைவுகள் அதிகம் என்று அங்கிருந்த மருத்துவர் எட்ரிஸ் ரைஸ்-ரே எழுதியும் ஆய்வை நடத்தியவர்கள் பொருட்படுத்தவில்லை. நம் நாட்டில் பிறப்பைக் குறைக்க 1966இல் தேசியக் குடும்பத் திட்ட வாரியம் வந்தது. 1984இல் கெடாக்காரரும் மருத்துவருமான பிரதமர் மகாதீர் 7 கோடி மக்கள்தொகையை இலக்காக அறிவித்தார். குறைக்கவும் கூட்டவும் வேண்டிய எண்ணாகத்தான் பெண்ணுடல் இருந்திருக்கிறது.

அதற்காக மாத்திரையே விஷம் என்பவர்களோடும் என்னால் சேர முடியாது. விடியுமுன் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பால் வெட்டப் போனவளுக்கு, அடுத்த பிள்ளை எப்போது என்று தீர்மானிப்பது சின்ன விடுதலையல்ல. பயமுறுத்துபவரும் சமாதானப்படுத்துபவரும் செய்வது ஒரே வேலைதான்: அவளிடம் சொல்லாமல் அவளுக்காக முடிவெடுப்பது.

"படிக்காத பொம்பளைக்கு ஹார்மோன் புரியுமா?" என்பார்கள். ரப்பர் மரத்தில் பூசும் எத்திஃபான் மருந்து, எத்திலீன் என்ற தாவர ஹார்மோனைத்தான் வெளியிடுகிறது. பூசினால் பால் கூடும், அளவு மீறினால் பட்டை காய்ந்து பாலே நின்றுவிடும் என்பது பால்வெட்டிய பெண்களுக்குத் தெரியும். நல்ல மரத்துக்கு மருந்து என்ன செய்யும் என்று அறிந்தவளுக்கு, தன் நல்ல உடம்புக்கு அது என்ன செய்யும் என்பது மட்டும் புரியாதா?

நோயாளிக்கு முன் மருத்துவருக்குக் கொஞ்சம் அதிகாரம் இருக்கலாம். ஆரோக்கியமானவளுக்கு முன் அதுவும் இல்லை. எந்த மாற்றம் சின்னது, எதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதை அந்த உடம்பில் வாழ்பவள்தான் சொல்ல வேண்டும். அதற்கு முதலில் அவளிடம் உள்ளதைச் சொல்லணும்.