சார்ஜ் ஏறிய கண்டென்சரைத் தூக்கிப் போடாதீர்கள்

தம்பிகளா, அந்த விளையாட்டை இன்றோடு விடுங்கள். கடைக்குப் புதிதாக வந்த பையனிடம் "டேய், இதைப் பிடி" என்று சார்ஜ் ஏற்றிய கண்டென்சரைத் தூக்கிப் போடுவது, அவன் அலறிக் கையை உதறும்போது கூடி நின்று சிரிப்பது. சிம்மக்கல்லில் மட்டுமா, மோட்டார் ரிப்பேர் நடக்கிற ஊரிலெல்லாம் இந்தக் கூத்து உண்டு. எங்கே நடந்தாலும் அது பாவம்தான்.

அந்த டப்பாவுக்குள் இரண்டு உலோகப் படலங்களும் நடுவில் மின்சாரம் பாயாத மெல்லிய தாளும் சுருட்டி அடைத்திருக்கின்றன. ஒரு படலத்தில் எலெக்ட்ரான்கள் குவியும், மற்றதில் குறையும். இரண்டும் ஒன்றையொன்று இழுத்தபடி நிற்கும், கடக்க வழியில்லை. அதனால் வயரைக் கழற்றிய பிறகும் சார்ஜ் அங்கேயே இருக்கும். 230 வோல்ட் என்று நாம் சொல்லும் மின்சாரம் ஒவ்வொரு அலையின் உச்சியிலும் 325 வோல்ட்டைத் தொடுகிறது. அந்த நொடியில் இணைப்பு அறுந்தால் அவ்வளவும் உள்ளே தங்கிவிடலாம். 1746-இல் லெய்டன் நகரப் பேராசிரியர் முஷன்புரூக் ஒரு கண்ணாடிக் குடுவையில் தேக்கிய மின்சாரத்தில் அடிபட்டு, பிரெஞ்சு ராஜ்யத்தையே கொடுத்தாலும் இனித் தொடமாட்டேன் என்று எழுதினார். படித்த மனிதருக்கு ஒரே அடி போதுமாயிருந்தது.

"மெயினைத்தான் அணைச்சாச்சே அண்ணே" என்பீர்கள். நல்ல மோட்டாரில் சார்ஜ் வைண்டிங் வழியாகவே வடிந்துவிடும், உண்மைதான். ஆனால் நல்ல மோட்டார் உங்கள் கடைக்கு எதற்கு வருகிறது? ஸ்டார்ட்டிங் காயில் எரிந்து அறுந்திருக்கும், சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச் ஒட்டாமல் நிற்கும். வடிய வழி ஏது? மேலூர்ப் பக்கம் கிணற்று மேட்டில் நின்று பெட்டியைத் திறப்பவனுக்கு அடியைவிட, அடியில் துள்ளிப் பின்னால் விழுவதே எமன்.

ஸ்க்ரூடிரைவரை இரண்டு முனைக்கும் குறுக்கே வைத்துப் 'படார்' என்று பொறி பறக்க விடுவதும் வீரமில்லை. உருகிய உலோகம் கண்ணில் தெறிக்கும், கண்டென்சரும் உள்ளே கெடும். 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றுக்கு இருபுறமும் உறை போட்ட வயரும் கிளிப்பும் மாட்டி வையுங்கள். மோட்டார் கண்டென்சரில் 10 விநாடி பிடியுங்கள். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்துப் பாருங்கள், பிறகு தொடுங்கள். கழற்றி வைத்ததில் கொஞ்சம் சார்ஜ் தானாகத் திரும்பும். முனைகளை ஒரு வயரால் முறுக்கிவிட்டே அலமாரியில் வையுங்கள்.

முதலாளிமாரே, அந்த ரெசிஸ்டர் ஒரு டீ, வடைக் காசுக்குக் கிடைக்கும். ஒவ்வொரு மேசையிலும் ஒன்று தொங்கட்டும். புதுப் பையனுக்கு முதல் நாள் இதைச் சொல்லிக்கொடுங்கள். டீ வாங்க அனுப்புவது அப்புறம் இருக்கட்டும்.