முன்னூல் வாசிப்பும் வாசகன் கடப்பாடும்

ஒரு நாவலைப் படிக்கத் தொடங்குமுன் அதனோடு தொடர்புடைய நூல்களைப் படித்திருத்தல் வேண்டுமா என்னும் வினா, நேரத்தையும் வசதியையும் பற்றியதாகவே பொதுவாகக் கருதப்படுகின்றது. ஆயின், ஒரு நூல் பிறிதொரு நூலுக்கு மறுமொழியாக எழுந்தவிடத்து, எதனை முதலிற் படிப்பது என்பது யாருடைய சொல்லை முதலிற் கேட்பது என்பதாகிவிடுகின்றது. அந்நிலையில் அஃது அறவியல் சார்ந்த வினாவாகும்.

சார்ளொட் புரொன்ரேயின் 'ஜேன் அயர்' 1847 இல் வெளிவந்தது. அதில் வரும் றொச்செஸ்ரரின் முதல் மனைவி பேர்த்தா, பெருஞ்சீதனத்தோடு யமேக்காவில் மணமுடிக்கப்பட்டு, இங்கிலாந்திலே மாளிகையொன்றின் மேன்மாடத்தில் அடைத்துவைக்கப்பட்டவள். அவளுடைய சிரிப்பும் உறுமலும் நமக்குக் கேட்கின்றன. அவளது கடந்தகாலத்தையோ பெரும்பாலும் கணவனின் வாய்மொழியாகவே அறிகின்றோம். டொமினிக்காவில் 1890 இல் பிறந்த ஜீன் றீஸ், 1966 இல் வெளியிட்ட 'வைட் சர்காசோ சீ' என்னும் நாவலில் அப்பெண்ணுக்கு அன்ரொனெற் என்னும் பெயரையும், பிள்ளைப்பருவத்தையும், தனக்கெனவொரு குரலையும் வழங்கினார். பேர்த்தா என்பது அங்கே கணவன் அவள்மீது சுமத்தும் பெயராகின்றது. கணவனோ நாவல் முழுவதிலும் பெயரற்றவனாகவே நிற்கின்றான்.

'ஜேன் அயர்' படியாதவனுக்கு இப்பெயரின்மை ஓர் உத்தியாக மட்டுமே தோன்றும். படித்தவனுக்கோ அது தண்டனையாகப் புலப்படும். இறுதியிலே அன்ரொனெற் மெழுகுதிரியோடு நடந்து செல்லும்போது, அவள் எங்குச் செல்கின்றாள் என்பதை முன்னூலை அறிந்தவனே முற்றாக உணர்வான். மேலும், புரொன்ரேயைக் கேளாமலே அவருக்கெதிரான வழக்கை மட்டும் கேட்பது நடுநிலையுமாகாது. முன்னூலை முதலிற் படிக்கவேண்டும் என்போரின் நியாயங்கள் இவை.

எதிர்வாதமும் வலுவுடையதே. பேர்த்தாவைப் பித்துப்பிடித்தவளாக ஏற்கனவே அறிந்து வருபவன், சிறுமி அன்ரொனெற்றின் ஒவ்வொரு செயலையும் நோயின் முற்குறியாகவே நோக்குவான். எந்த முற்கோளைக் களைய றீஸ் முயன்றாரோ, அதனையே அவன் நூலினுள் சுமந்து செல்கின்றான். அகலிகை கதையை மீட்டுரைத்த 'சாபவிமோசன'த்தின் முகப்பிலே புதுமைப்பித்தன், இராமாயணப் பரிச்சயமுள்ளோர்க்குத் தம் கதை பிடிபடாமற் போகலாம் எனக் குறித்தமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

எனினும், முன்னூலைப் படியாதவனின் மனம் வெற்றுப் பலகையன்று. அடைத்துவைக்கப்பட்ட பெண் எனில் அவள் அபாயமானவளாகவே இருப்பாள் என்ற எண்ணத்தைச் சமூகம் அவனுக்கும் ஊட்டியிருக்கின்றது. முற்கோளின்றி விளக்கமே நிகழாது என ஜேர்மனிய மெய்யியலாளர் கடாமர் 1960 இல் வெளிவந்த 'உண்மையும் முறையும்' என்ற நூலில் வாதிட்டார். அவ்வாறாயின் முற்கோள் இல்லாதிருப்பதன்று, அதனைச் சோதனைக்குட்படுத்த இசைவதே வாசகன் கடனாகும். பெயரறிந்த முற்கோளைச் சோதித்தல், பெயரறியாததைச் சோதிப்பதிலும் எளிது.

ஆகவே தொடர்புடைய நூல்களை இருவகையாகப் பிரித்தல் தகும். நாவல் எந்நூலோடு வழக்காடுகின்றதோ அந்நூல் ஒரு வகை. நாவலைப் பற்றிப் பேசும் திறனாய்வுகளும் அறிமுகங்களும் மற்றொரு வகை. முன்னது வழக்கின் ஒரு தரப்பு; பின்னது பிறர் வழங்கிய தீர்ப்பு. தரப்பை முன்னரே கேட்டல் நன்று. தீர்ப்பைப் பின்னரே கேட்டல் வேண்டும். முன்னூல் கிடையாதவனும் றீஸின் நாவலைத் தயங்காது எடுக்கலாம். புறக்கணிக்கப்பட்ட ஒருத்தியின் துயரை உணர்வதற்கு வேறெந்த நூலும் அனுமதிச்சீட்டாக வேண்டியதில்லை.

ஆனால், வரிசை எதுவாயினும் ஒரு கடமை எஞ்சிநிற்கின்றது. றீஸைப் படித்தவன் புரொன்ரேயிடம் மீண்டு சென்று, மேன்மாடத்திலிருந்து வரும் அச்சிரிப்பை மறுபடியும் கேட்டல் வேண்டும். இரு தரப்பையும் கேட்டபின்னரும் முதலிற் கேட்டதையே தீர்ப்பாகக் கொள்பவன், இரண்டு நூல்களைக் கற்றும் ஒன்றையே படித்தவனாவான்.